எட்டுத் தோல்வியும் இரண்டு வெற்றியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் மேற்கு வர்ஜீனியா என்னும் மாநிலம் உள்ளது. மலையும் காடும் மல்கியது அம்மாநிலம். நிலத்தின் அகத்தே நிலக்கரி நிறைந்தது. அதன் எல்லை வழியே ஒகையோ என்னும் பேராறு ஓடுகின்றது. அவ்வாற்றங்கரையில் அமைந்த நகரம் ஹண்டிங்டன். புகைவண்டிப் பாதை அமைத்த செல்வர் ஒருவரால் 1871-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, அவர் பெயரையே தன் பெயராகக் கொண்டது அந்நகரம். நகரத்தினும் முதியது அங்குள்ள கல்விக்கழகம். 1837-ஆம் ஆண்டில் சிறு பள்ளியாகத் தோன்றிய அது, அந்நாட்டின் தலைமை நீதிபதியாக விளங்கிய ஜான் மார்ஷல் என்பாரின் பெயரைத் தாங்கிப் படிப்படியாக வளர்ந்து, 1961-ஆம் ஆண்டில் மார்ஷல் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இப்பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 1971-ஆம் ஆண்டில் பத்து ஆட்டங்கள் ஆடியது. இரண்டில் வென்றது, எட்டில் தோற்றது. இவ்வளவே ஏட்டில் உள்ள கணக்கு. ஆயினும், அந்நகர மக்கள் அவ்வாண்டைத் தோல்வியாண்டு என்று சொல்வதில்லை. காரணம் யாது என்பது அறியத்தக்கது.

அந்நாட்டார் கால்பந்து என்று வழங்குவது, நம் நாட்டு மாணவர் அறிந்த கால்பந்து அன்று. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூர்த்து நீண்டிருக்கும். அதனைக் காலால் உதைப்பது சிறுபான்மை. கையால் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. பக்கத்திற்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை உடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமேனும் முன்னேறுதல் வேண்டும். இயலாதேல் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளிகள் கிடைக்கும். ஒருவர் உடலோடு ஒருவர் உடல் வேகமாக மோதும் ஆட்டம் ஆதலின், முற்றிய உடலும் முதிர்ந்த பயிற்சியும் உடையவரே அதில் நிலைக்க இயலும். பதினெட்டு வயது இளைஞனுக்கும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கும் வேறு துறைகளில் பெரிய வேற்றுமை இல்லை. இக்களத்தில் மிகப் பெரிய வேற்றுமை உண்டு.

மார்ஷல் அணி முன்னரும் வெற்றிக்குப் பழகிய அணி அன்று. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஆயினும் 1970-ஆம் ஆண்டில் புதிய ஊக்கம் பிறந்திருந்தது. ரிக் டாலி என்னும் பயிற்றுநர் தொலைவிலுள்ள ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, திறமுள்ள இளைஞர்களைத் தேடிச் சேர்த்திருந்தார்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்வில் நகரில், கிழக்குக் கரோலினா அணியோடு மார்ஷல் அணி ஆடியது. ஆட்டம் கடுமையாக இருந்தது. முடிவில் 17-க்கு 14 என்னும் கணக்கில், மூன்றே புள்ளிகள் குறைவாக, மார்ஷல் தோற்றது. தோற்ற இளைஞர் வானூர்தியில் ஏறி ஊர் திரும்பினர். அவர்களோடு பயிற்றுநர்களும், அணியின்பால் அன்பு கொண்டு உடன் சென்றிருந்த நகரப் பெருமக்களும் ஏறினர்.

அன்று இரவு ஹண்டிங்டன் பகுதியில் மழைத் தூறலும் மூடுபனியும் சூழ்ந்திருந்தன. விமான நிலையம் மலை முகட்டில் அமைந்தது. ஓடுதளத்தை அடைவதற்கு ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு இருக்கும்போது, இறங்கத்தக்க உயரத்தினும் தாழ இறங்கிவிட்ட அவ்வூர்தி, மலைச்சரிவின் மரங்களில் மோதி வீழ்ந்து தீப்பற்றியது. அதில் இருந்தோர் 75 பேர். ஒருவரும் உயிர் பிழைத்திலர். ஆட்டக்காரர் மட்டும் 37 பேர் மாண்டனர். ஊர்தி ஏன் அவ்வளவு தாழ்ந்தது என்று அரசினர் ஆராய்ந்தனர். உயரம் காட்டும் கருவியில் பிழை நேர்ந்ததோ, கருவிகள் காட்டியதைக் கொண்ட முறையில் பிழை நேர்ந்ததோ என்று துணிந்து கூற அவர்களாலும் இயலவில்லை.

ஹண்டிங்டன் பெருநகரம் அன்று; ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். ஆகவே, துயரம் புகாத தெரு அங்கே இல்லையாயிற்று. மருத்துவர் சிலர் மாண்டனர்; வணிகர் சிலர் மாண்டனர். தாய் தந்தை இருவரையும் ஒரே இரவில் இழந்த குழந்தைகள் இருந்தனர். பல நாள்கள் இறுதிச் சடங்குகளிலேயே கழிந்தன. ஆட்டக்காரருள் அறுவர் உடல்களை இன்னார் உடல் என்று பிரித்தறிய இயலவில்லை. அவ்வறுவரையும் நகரத்தை நோக்கி நிற்கும் ஸ்பிரிங் ஹில் இடுகாட்டில் ஒருங்கே அடக்கம் செய்தனர்.

இனி அணி வேண்டுமா என்னும் வினா எழுந்தது. கால்பந்தையே கைவிட்டுவிடலாம் என்று கருதியோர் பலர். அவர்கள் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அதே பச்சை வெள்ளைச் சட்டையை வேறொரு பிள்ளை அணிந்து ஓடுவதை எவ்வாறு காண்பாள்? ஆனால், வேறு வகையாக எண்ணியோரும் இருந்தனர். உடலில் பட்ட காயத்தால் கிரீன்வில் செல்லாமல் ஊரிலேயே தங்கிவிட்ட ஆட்டக்காரர் நேட் ரஃபின் அவர்களுள் ஒருவர். தோழர் பலரை இழந்து எஞ்சி நின்ற அவ்விளைஞர், ஆட்டம் நிற்றலாகாது என்று வாதாடினார். மாண்டவர் விரும்பிய செயலை நிறுத்திவிடுவது அவர்களை மீண்டும் ஒருமுறை இழப்பதாகும் என்னும் எண்ணமே முடிவில் நின்றது. பல்கலைக்கழகம் ஆடுவது என்று துணிந்தது.

துணிவது எளிது, அணி எங்கே? தலைமைப் பயிற்றுநர் பதவியை ஏற்க இசைந்த ஒருவர் சில நாள்களிலேயே பின்வாங்கினார். பின்னர், ஒகையோ மாநிலத்து ஊஸ்டர் கல்லூரியில் பணியாற்றிய ஜாக் லெங்கெல் என்பவர் அப்பொறுப்பை ஏற்றார். அவருக்குத் துணையாக ரெட் டாசன் என்பவர் அமைந்தார். டாசன் முந்தைய ஆண்டும் துணைப் பயிற்றுநராக இருந்தவர். விபத்து நேர்ந்த நாளில், புதிய ஆட்டக்காரரைத் தேடும் பணியின் பொருட்டுக் காரில் சென்றமையால் உயிர் தப்பியவர். வழியில் வானொலிச் செய்தியாலேயே அவர் அக்கொடுமையை அறிந்தார். மாண்ட இளைஞருள் பலரை அவர்தம் இல்லங்களுக்குச் சென்று, பெற்றோரிடம் பேசி அழைத்து வந்தவர் அவரே. அந்நினைவு அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. ஆயினும், புதிய அணி எழும்வரை ஓராண்டு துணை நிற்பதாக வாக்களித்தார்.

பழைய அணியினருள், அன்று பயணம் செய்யாது எஞ்சியோர் ஒரு சிலரே. முந்தைய ஆண்டில் முதலாண்டு மாணவராக இருந்து, தனியணியில் ஆடிவந்தோர் சிலர் இருந்தனர். அக்காலத்தில் முதலாண்டு மாணவர் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடலாகாது என்பது விதி. மார்ஷலின் நிலையைக் கண்ட கல்லூரி விளையாட்டுக் கழகம் அவ்விதியைத் தளர்த்தி, முதலாண்டு மாணவரையும் சேர்த்துக்கொள்ள இசைவளித்தது. வேறு விளையாட்டுகளில் பழகியோரும் வந்து சேர்ந்தனர். இவ்வாறு கூட்டிய அணிக்கு நேட் ரஃபின் தலைவராயினார்.

அணியின் பழைய பெயர், இடியென முழங்கி ஓடும் மந்தை என்னும் பொருள் தருவது. லெங்கெல் அதனோடு 'இளம்' என்னும் ஓர் அடைமொழியைச் சேர்த்தார். பெயருக்கு அழகு சேர்க்கவந்த சொல் அன்று அது. அணியின் உண்மை நிலையை உரைத்த சொல். எதிர்த்து நிற்போர் முதிர்ந்த காளைகள், இவர்களோ கன்றுகள்.

கன்றுகளை வைத்துக்கொண்டு காளைகளோடு நேருக்கு நேர் மோதுதல் அறியாமை என்பதை லெங்கெல் உணர்ந்தார். வலிமைக் குறைவை விரைவாலும் சூழ்ச்சியாலும் ஈடு செய்யும் ஆட்ட முறை ஒன்று அக்காலத்தில் பரவி வந்தது. பந்து யார் கைக்குப் போகும் என்பதை எதிரி அசையும் திசை கண்டு கடைசி நொடியில் தீர்மானிப்பது அதன் இயல்பு. அம்முறையில் வல்லவராக விளங்கியவர் அதே மாநிலத்து மற்றொரு பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் பாபி பௌடன். ஆட்ட நுணுக்கங்களைப் பிறர் அறியாதபடி மறைத்து வைப்பதே பயிற்றுநர் வழக்கம். பௌடனோ தம் அணியின் முறைகளை மார்ஷல் பயிற்றுநர்களுக்குத் திறந்து காட்டிக் கற்பித்தார். தம் ஆட்டக்காரரின் தலைக்கவசத்தில் மாண்டோர் நினைவாகப் பச்சைச் சிலுவைக் குறியும் பொறிக்கச் செய்தார். களத்தில் போட்டியிடுவோர் களத்துக்கு வெளியே சுற்றத்தார் ஆதலும் உண்டு.

1971-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. மொர்ஹெட் அணி 29 புள்ளிகள் பெற்றது; மார்ஷல் பெற்றவை 6. எதிர்பார்த்த தோல்வியே அது.

அடுத்த ஆட்டம் செப்டம்பர் 25-ஆம் நாள் ஹண்டிங்டன் நகரிலேயே நிகழ்ந்தது. விபத்துக்குப்பின் சொந்த மண்ணில் நடந்த முதல் ஆட்டம் அது. எதிரணி சின்சினாட்டி நகரத்துச் சேவியர் பல்கலைக்கழக அணி. மார்ஷல் வெல்லும் என்று எண்ணி வந்தவர் சிலரே. அணி மீண்டும் களம் இறங்குவதைக் கண்ணால் காண வந்தவரே பலர். ஆட்டம் முடியும் தறுவாயில் சேவியர் 13 புள்ளிகளோடு முன்னின்றது. மார்ஷல் 9 புள்ளிகளோடு பின்தங்கி நின்றது. எல்லைக் கோட்டிற்கு எஞ்சிய தொலைவு 13 கெஜம். எஞ்சிய நேரமோ ஒரே முயற்சிக்கு மட்டும் போதுமானது.

பந்தை எறியும் பொறுப்பு ரெஜி ஆலிவர் என்னும் இளைஞரிடம் இருந்தது. அவர் அலபாமா மாநிலத்து டஸ்கலூசா நகரினர். அவ்வூரிலிருந்து அவரோடு வந்த நண்பர்கள் முந்தைய ஆண்டு விபத்தில் மாண்டிருந்தனர். ஆலிவர் ஒரு பக்கமாக நகர்ந்து எதிரிகளைத் தம்பால் ஈர்த்தார். பின் சட்டெனத் திரும்பி, மறுபக்கம் நின்ற டெர்ரி கார்ட்னர் என்னும் முதலாண்டு மாணவர்க்குப் பந்தை எறிந்தார். பந்தை ஏந்திய கார்ட்னர், முன்னே தோழர் வழி திறக்க, எல்லைக் கோட்டைக் கடந்தார். காலக்கருவியில் நேரம் அற்றுப்போயிருந்தது. மார்ஷல் 15, சேவியர் 13.

அரங்கில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லில் அடக்குதல் அரிது. மக்கள் களத்தினுள் இறங்கினர். முன்பின் அறியாதோர் தழுவிக்கொண்டனர். ஆட்டம் முடிந்து நெடுநேரம் ஆகியும் பலர் அவ்விடம்விட்டு அகலாது நின்றனர். ஏறத்தாழ பத்துத் திங்கள் அடக்கி வைத்திருந்த அழுகை அன்று அவர்களுக்கு மகிழ்ச்சியின் வழியாக வெளிப்பட்டது.

கதையாயின் இவ்விடத்தில் முடிந்திருக்கும். நடந்தது கதை அன்று. சேவியர் அணியை வென்ற அடுத்த வாரமே, ஒகையோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழக அணி இவ்விளைஞரை 66-க்கு 6 என்னும் கணக்கில் வீழ்த்தியது. வென்றவர் என்று ஊர் தோளில் தூக்கிய அதே இளைஞர், ஏழு நாள்களில் இவ்வாறு புழுதி படிந்து திரும்பினர். இத்தகைய தோல்வி உடலைவிட உள்ளத்தையே மிகுதியும் நோகச் செய்யும். முன்னைய வெற்றி தற்செயலோ என்னும் ஐயம் எழும். மறுநாள் பயிற்சிக்கு எழுந்து வருவதே பெருந்துணிவாகும். அவர்கள் எழுந்து வந்தனர். மீண்டும் தோற்றனர், மீண்டும் வந்தனர்.

அக்டோபர் 30-ஆம் நாள், பழைய மாணவர் கூடும் பெருநாளில், பௌலிங் கிரீன் அணியை 12-க்கு 10 என்னும் கணக்கில் மார்ஷல் வென்றது. அதுவே அவ்வாண்டின் இரண்டாவது வெற்றி. இறுதி வெற்றியும் அதுவே. விபத்தின் முதலாண்டு நினைவு நாளுக்கு முந்திய நாளில், தோல்வியே அறியாது வந்த டொலீடோ அணியோடு ஆட வேண்டியிருந்தது. மாண்ட தோழரின் நினைவு நெஞ்சில் நிற்க, இளைஞர் களம் இறங்கினர். டொலீடோ 43, மார்ஷல் ஒன்றுமில்லை. நினைவு நாள் என்பதற்காக ஆட்டக்களம் யார்க்கும் சலுகை காட்டுவதில்லை. ஆண்டு முடிந்தபோது கணக்கு எட்டுத் தோல்வியும் இரண்டு வெற்றியுமாக நின்றது.

வாக்களித்த ஓராண்டு நிறைவெய்தியதும் ரெட் டாசன் பயிற்றுநர் தொழிலையே விட்டு நீங்கினார். புதிய அணியை எழுப்பத் துணை நின்ற அவர்க்கும் அவ்வெழுச்சி முழு ஆறுதலை அளிக்கவில்லை. ஒரு வெற்றியால் ஆறிவிடும் புண்ணும் உண்டு. எத்தனை வெற்றியாலும் ஆறாத புண்ணும் உண்டு. இரண்டும் உடையோர் ஒரே அணியில் நின்று பணி செய்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

லெங்கெல் நான்கு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தார். அந்நான்கு ஆண்டுகளிலும் மார்ஷல் பெற்ற வெற்றி 9, தோல்வி 33. பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த மாணவன் ஒருவன், படிப்பு முடிந்து வெளியேறும் வரையில் வெற்றி மிகுந்த ஓர் ஆண்டையேனும் கண்டிலன். தோல்வியைவிட வெற்றி மிகுந்த ஆண்டு 1984-ஆம் ஆண்டிலேதான் வாய்த்தது. அதன்பின் அணி விரைந்து உயர்ந்தது. 1992-ஆம் ஆண்டிலும் 1996-ஆம் ஆண்டிலும் தன் பிரிவில் நாட்டின் முதன்மை அணி என்னும் பட்டம் பெற்றது. அப்பொழுது 1971-ஆம் ஆண்டின் இளைஞர் நாற்பது வயதைக் கடந்திருந்தனர்.

மாணவர் எண்ணிப்பார்க்க வேண்டுவது இதனையே. நட்டவனே கனி உண்ணும் மரங்கள் உண்டு; நட்டவன் நிழலைக்கூடக் காணாத மரங்களும் உண்டு. பனை விதை ஊன்றுவோன் தனக்கென்று ஊன்றுவதில்லை. அவ்விளைஞர் ஆடாது ஒழிந்திருப்பின், 66-க்கு 6 என்னும் இகழ்ச்சி அவர்களுக்கு நேர்ந்திராது. ஆனால், 1992-ஆம் ஆண்டில் பட்டம் பெறுதற்கு ஓர் அணியும் இருந்திராது. வெல்லக்கூடிய ஆட்டத்தை ஆடுதற்கு ஆள் பலர் கிடைப்பர். தோற்பது உறுதி என்று அறிந்தும், பிறர் பின்னாளில் வெல்லுதற்பொருட்டு இன்று களத்தில் நிற்பவர் சிலரே. அச்சிலருக்கு ஏட்டில் இடம் இல்லை. அவர்களால் ஏடே நிலைத்தது.

பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே ஒரு நீரூற்று உள்ளது. ஹாரி பெர்டோயா என்னும் சிற்பி வெண்கலத்தாலும் செம்புக் குழாய்களாலும் அமைத்தது அது. 1972-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாண்டோர் நினைவாகத் திறந்து வைக்கப்பெற்றது. தமிழர் தம் வீரர்க்கு நடுகல் நட்டதுபோல், அந்நகரத்தார் தம் பிள்ளைகளுக்கு நீரால் நினைவுச் சின்னம் அமைத்தனர். ஆண்டுதோறும் நவம்பர் 14-ஆம் நாள் மக்கள் அங்கே கூடுவர். அன்று அவ்வூற்றின் நீர் நிறுத்தப்பெறும். குளிர்காலம் முழுவதும் அது வறண்டு ஓசையற்று நிற்கும். இளவேனில் வந்ததும் நீர் மீண்டும் பாயும். அப்பருவத்தில் மாணவர் மீண்டும் பந்தை ஏந்திப் பயிற்சிக்களத்தில் இறங்குவர்.